இணைந்த பள்ளியின் வரலாற்றை எழுதுவது எப்படி?

இரண்டு பள்ளிகள் இணைந்து உருவான தனியார் பள்ளிக்கு வரலாறு எழுத அமரும்போது, இணைப்பில் பெயரை இழந்த பள்ளியிலிருந்தே தொடங்குங்கள். பெயர் நிலைத்த பள்ளிக்கு ஆண்டு மலர், கல்வெட்டு, தாளாளரின் படம் எல்லாம் இருக்கும். மற்றதற்குப் பெரும்பாலும் அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் சேர்க்கைப் பதிவேடு ஒன்றே மிஞ்சியிருக்கும்.

கடலூரில் ஒரு பள்ளிக்காக நான் இப்பணியைச் செய்தபோது, இணைப்பு நடந்த நாளை நிர்வாகத்தில் ஒருவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. பதிவேடுதான் சொன்னது. ஜூன் மாதத்தில் ஒரே நாளில், ஒரே கையெழுத்தில், அடுத்தடுத்து 41 பெயர்கள். 'முன்பு பயின்ற பள்ளி' என்னும் கட்டத்தின் முதல் வரியில் மட்டும் முதுநகரில் இருந்த பள்ளியின் பெயர், அதன்கீழ் பக்கம் முடியும்வரை 'மேற்படி', 'மேற்படி'. ஒரு பள்ளி மூடப்பட்டதற்கு அங்கே வேறு எழுத்துச் சான்று இல்லை. இத்தகைய பக்கம் கிடைத்தால் உடனே படமெடுத்து, சேர்க்கை எண்ணையும் பெற்றோரின் தொழிலையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருவின் பிள்ளைகளுக்காக அப்பள்ளி நடந்தது என்பதை அந்தத் தொழில் கட்டமே காட்டிவிடும்.

அடுத்து, நிர்வாகத்தின் தீர்மானப் புத்தகத்தைப் பாருங்கள். பள்ளியை நடத்தியது சங்கமாயின், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படியான ஆவணங்களை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்கலாம். 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் பள்ளிக்குழு வேண்டும் என்று வகுத்ததால், அக்குழுவின் குறிப்புகளும் உதவும். இணைப்புக்குப் பின் ஆசிரியர்களின் பணிமூப்பை எப்படி வரிசைப்படுத்தினார்கள் என்பதைத் தவறாமல் தேடுங்கள். விழா மேடைகளில் பேசப்படாத மனவருத்தங்கள் அந்தப் பட்டியலில்தான் தெரியும்.

தேதியில்லாத கடிதங்களை முகவரியே காட்டிக்கொடுக்கும். 'தென்னாற்காடு மாவட்டம்' என்றிருந்தால் அது பெரும்பாலும் 1993 செப்டம்பருக்கு முந்தியது. 'தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்' என்றிருந்தால் 1993இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டதற்குப் பிந்தைய சில ஆண்டுகளைச் சேர்ந்தது. புதுச்சேரிப் பள்ளியாயின் 1954 நவம்பர் 1க்கு முந்தைய தாள்கள் பிரெஞ்சு மொழியிலும் இருக்கக்கூடும். அம்மொழி அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் நனைந்து ஒட்டிய பக்கங்களை வலிந்து பிரிக்க வேண்டாம்.

பழைய மாணவர்களைச் சந்திக்கும்போது இரு பள்ளியினரையும் ஒரே அறையில் அமர்த்தாதீர்கள். எண்ணிக்கையில் குறைந்தவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். "அந்தப் பள்ளி நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை வரும். மணி எங்கே தொங்கியது, புதிய வகுப்பில் முதல் நாள் எந்த வரிசையில் உட்கார வைத்தார்கள் என்று கேளுங்கள்.

எழுதும்போது தொடக்க ஆண்டு ஒன்று என்று காட்டாமல், இரண்டு தொடக்கங்களையும் இணைப்பு ஆண்டையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். தலைமையாசிரியர் பட்டியலை இணைப்பு ஆண்டுவரை இரண்டு பத்திகளாக அச்சிட்டு, அதன்பின் ஒன்றாகத் தொடருங்கள். பெயர் தெரியாத ஆண்டுகளை வெற்றிடமாகவே விடுங்கள். அச்சான வரலாற்று மலரைக் கையில் எடுக்கும் முதியவர் ஒருவர் அந்த இடத்தை நிரப்பித் தருவார்.