கணக்குச் சொல்லாமல் ஒரு முழம் பூ

பல வருடங்கள் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணவரிடம் கணக்கு ஒப்பித்தவர்களுக்கு, பிரிந்து வந்த பிறகும் செலவழிக்கக் கை கூசும். கடையில் சோப்பை எடுப்பார்கள், விலையைப் பார்த்துத் திரும்ப வைப்பார்கள். பில்லை நாலாக மடித்துப் பர்ஸில் பத்திரப்படுத்துவார்கள். கேட்பதற்கு வீட்டில் ஆளே இருக்காது. பழகிப்போன பயம் இது. கஞ்சத்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

எனக்குத் தெரிந்த நல்ல மருந்து ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை 30 ரூபாயோ 50 ரூபாயோ உங்களுக்காக மட்டும் செலவழியுங்கள். ஒரு முழம் மல்லிகை, ஒரு டம்ளர் கரும்புச்சாறு, எதுவானாலும் சரி. பில் வேண்டாம், நோட்டில் எழுதவும் வேண்டாம். முதல் தடவை நெஞ்சு படபடக்கும்; நாலைந்து வாரத்தில் மெல்ல அடங்கலாம். குழந்தைக்கு வாங்கிவிட்டு இதில் சேர்க்கக் கூடாது (அம்மாக்கள் இந்தத் தில்லுமுல்லில் கெட்டிக்காரர்கள்).

அஞ்சலகத்தில் 500 ரூபாய் கட்டி, உங்கள் பெயரில் தனிச் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். அதில் கொடுக்கும் கைப்பேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும். பழைய ஏடிஎம் ரகசிய எண்ணை மாற்றிவிடுங்கள்.

"அடிக்கவில்லையே, பணம்தானே" என்று உறவினர்கள் சொன்னால் குழம்ப வேண்டாம். வீட்டுச் செலவுக்குத் தராமல் வைத்திருப்பதையும் சீதன நகையைப் பிடுங்கிக்கொள்வதையும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் வன்முறை என்றே சொல்கிறது. பேச ஆள் இல்லையென்றால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம். தமிழ்நாட்டில் இரவிலும் எடுப்பார்கள்.