துணி எடைக் கணக்கில் செய்யும் தவறுகள்: ஜிஎஸ்எம், அவுன்ஸ், கிலோ

பனியன் துணியைக் கிலோ கணக்கில் வாங்கி மீட்டர் கணக்கில் வெட்டுகிறோம். இரண்டுக்கும் நடுவே போடும் கணக்கு பிசகினால் கடைசி நாலு உருப்படிக்குத் துணி பற்றாது.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. 180 ஜிஎஸ்எம் துணியில் ஒரு மீட்டர் நீளம் வெட்டினால் 180 கிராம் இருக்கும் என்று நினைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அகலம் சரியாக ஒரு மீட்டர் இருந்தால் மட்டுமே அது பொருந்தும். அகலத்தையும் மீட்டராக மாற்றிப் பெருக்க வேண்டும்.

குழாய்போலப் பின்னிய ட்யூப் துணியில் இன்னும் கவனம் தேவை. அதன் அகலத்தைச் சொல்லும் டயா 30 அங்குலம் என்றால் மேசையில் தட்டையாக 30 அங்குலம் கிடக்கும். ஆனால் அது இரண்டு அடுக்கு. பிரித்தால் 60 அங்குலம், அதாவது 1.524 மீட்டர். 180 × 1.524 = 274 கிராம். 1000-ஐ 274-ஆல் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 3.65 மீட்டர். இரட்டிப்பை மறந்தால் 7.3 மீட்டர் என்று வரும். தேவையில் பாதித் துணியைத்தான் வாங்கி வருவோம். இங்கே சொல்வது துணியின் டயா. நிட்டிங் மெஷினின் டயா வேறு, அதை இந்தக் கணக்கில் போடக் கூடாது.

வீட்டில் ஜிஎஸ்எம் பார்ப்பவர்கள் 10 × 10 செ.மீ. துண்டு வெட்டி, எடையை 100-ஆல் பெருக்குவார்கள். ஜிஎஸ்எம் பார்க்கவே உள்ள ரவுண்ட் கட்டர் வெட்டும் வட்டமும் அதே 100 சதுர செ.மீ.தான். முறை சரி, சமையலறைத் தராசுதான் சரிப்படாது. அது ஒரு கிராம் தவறினால் விடையில் 100 ஜிஎஸ்எம் தவறும். 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். அது இல்லையென்றால் ஒரு மீட்டர் நீளத்தை முழு அகலத்தோடு எடைபோட்டு, அகலத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். சின்னத் துண்டு என்றால் கரையோரத்தில் வெட்டாதீர்கள், துணியை இழுத்துப் பிடிக்காதீர்கள். பக்கத்துக்கு 2 மி.மீ. கூடினாலே 180 என்பது 187 ஆகிவிடும்.

டெனிமில் அவுன்ஸ் என்றால் பொதுவாகச் சதுர கஜத்துக்கு. 33.9-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம்: 10 அவுன்ஸ் 339, 14 அவுன்ஸ் 475. சில கம்பளிக் கோட்டுத் துணிகளில் அவுன்ஸ் நீள கஜத்துக்கு, அதாவது முழு அகலத்தோடு ஒரு கஜ நீளத்துக்குக் குறிக்கப்படும். 58 அங்குல அகலத் துணியில் அந்த 10 அவுன்ஸ் சதுர கஜத்துக்கு 6.2தான், சுமார் 210 ஜிஎஸ்எம். எந்தக் கஜம் என்று கேட்காமல் வாங்கினால் கோட்டுக்குச் சட்டைத் துணி வந்து சேரும். பட்டில் மாமி என்ற எடை அலகு போட்டிருந்தால் 4.34-ஆல் பெருக்குங்கள், 19 மாமி சுமார் 82 ஜிஎஸ்எம்.

எண் ஒன்றாக இருந்தால் துணியும் ஒன்றுபோல இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். 280 ஜிஎஸ்எம் ஃப்ளீஸ் பொசுபொசுவென்று தடிமனாக இருக்கும், முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி கேட்கும். அதே 280-இல் கேன்வாஸ் மெல்லியதாக, விறைப்பாக இருக்கும். அதற்குத் தடித்த 16-ஆம் நம்பர் ஊசி தேவைப்படும்.

துவைத்தபின் எண்ணும் மாறும். நீளத்திலும் அகலத்திலும் 5 சதவீதம் சுருங்கினால் 180 ஜிஎஸ்எம் 199-ஐ எட்டும். கிலோ அப்படியே இருக்கும், மீட்டர்தான் குறையும். அதனால் முன்கூட்டியே துவைத்துத் தைப்பவர்கள் சுருங்கிய அளவை வைத்தே வாங்க வேண்டிய கிலோவைக் கணக்கிட வேண்டும்.