கீழ்ப்பாக்கம் ஃபைல் இருந்தால் கையெழுத்து செல்லாதா?

தண்டையார்பேட்டையில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். "தம்பி மனநோய்க்கு மாத்திரை சாப்பிடறான் சார், கீழ்ப்பாக்கத்துல ஃபைல் இருக்கு. அவன் கையெழுத்து செல்லாதுதானே?" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் தம்பி பங்கின்மேல் கண் வைத்தவர்கள்.

செல்லும். டாக்டர் ஃபைலில் இருப்பது நோயின் பெயர். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு நோயைக் கேட்பதில்லை. கையெழுத்துப் போடும் நேரத்தில் விஷயம் புரிகிறதா, அதனால் தனக்கு என்ன ஆகும் என்று யோசிக்க முடிகிறதா, இதுதான் அதன் கேள்வி. மனநல மருத்துவமனையில் இருப்பவரும் தெளிவாக இருக்கும் இடைவெளியில் ஒப்பந்தம் செய்யலாம் என்று உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். நோய் இருப்பதை மட்டும் வைத்து ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக்கூடாது, அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் கூட வந்தவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு கையெழுத்துப் போடுகிறவரிடம் தனியாகப் பேசுங்கள். எந்தச் சொத்து, யாருக்குப் போகிறது, போனபிறகு உங்களுக்கு என்ன மிச்சம், எங்கே தங்குவீர்கள்? பல வருஷமாக மாத்திரையில் இருக்கும் கொருக்குப்பேட்டை அக்கா ஒருவர், வீட்டாருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திர வரைவைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நான் சாகறவரைக்கும் மாடி ரூம் எனக்குன்னு இதுல எங்க இருக்கு?" என்றார். கூட இருந்த யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்கு அதற்குமேல் கேட்க எதுவும் இருக்கவில்லை.

அப்புறம் மருத்துவச் சான்று. 'சிகிச்சையில் நலமாக உள்ளார்' என்று வாங்கிப் பயனில்லை. இந்தப் பத்திரத்தின் விவரமும் விளைவும் அவருக்குப் புரிகிறது என்று, சிகிச்சை தரும் மனநல மருத்துவரே பதிவு நாளையொட்டிப் பார்த்து எழுதித் தர வேண்டும். காலை மாத்திரை தூக்கம் கொடுத்தால் மதியத்துக்கு மேல் போங்கள். சார்பதிவாளர் கேட்பதற்கு அவரே பதில் சொல்லட்டும். பார்வைக்கே மனநிலை சரியில்லாதவராகத் தெரிந்தால் பதிவை மறுக்கச் சார்பதிவாளருக்கு அதிகாரம் உண்டு. சாட்சிகள், சொத்து வாங்கும் பக்கத்து ஆட்களாக இருக்க வேண்டாம்.

எந்த ஃபைலும் இல்லாத அண்ணனுக்கு ராத்திரி ஊற்றிக் கொடுத்து, காலையில் கைத்தாங்கலாகக் கூட்டி வருகிறவர்களும் இருக்கிறார்கள். புரியாத அளவு போதையில் இருப்பவர் அது தெளியும்வரை ஒப்பந்தம் செய்ய முடியாது என்று அதே 12ஆம் பிரிவு சொல்கிறது. அந்த அண்ணன் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை நான் எழுத மாட்டேன்.