திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ: பூக்கும் தாவரங்களைப் படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

முதல் தவறு, பல நகல்களாகத் திரும்பத் திரும்ப வரும் இந்த டிஎன்ஏ வரிசைகளைக் 'குப்பை' என்று ஒதுக்குவது. மக்காச்சோளத்தின் ஜீனோமில் (முழு டிஎன்ஏ தொகுப்பில்) ஏறத்தாழ 85 சதவீதம் இவைதான். பெரும்பாலானவை 'தாவும் மரபணுக்கள்': ஜீனோமில் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவக்கூடிய டிஎன்ஏ துண்டுகள்.

ஊதாப் புள்ளி தெளித்த ஒரு சோள மணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நிறம் தரும் மரபணுவுக்குள் தாவும் துண்டு ஒன்று புகுந்துகொண்டதால் மணி வெளிறிப்போகிறது. மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அந்தத் துண்டு வெளியே தாவிவிட்டால், அந்தச் செல்லிலிருந்து பிறக்கும் செல்கள் எல்லாம் ஊதா. சீக்கிரம் தாவினால் பெரிய திட்டு; தாமதித்தால் சின்னப் புள்ளி. அமெரிக்க மரபியலாளர் பார்பரா மெக்ளின்டாக் 1940களிலேயே இதைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு 1983இல்தான் கிடைத்தது. 'குப்பை' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மணிதான் நினைவுக்கு வருகிறது.

ஜீனோம் பெரிதாக இருந்தால் மரபணுவும் அதிகம் என்று எண்ணாதீர்கள். வெங்காயத்தின் ஜீனோம் மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு. அந்தப் பருமனில் பெரும்பங்கு மறுபடி மறுபடி வரும் வரிசைகளே. நீரில் வாழும் பூச்சியுண்ணி யூட்ரிகுலேரியா கிப்பாவில் அவை 3 சதவீதம்தான். மொத்த ஜீனோமே சுமார் 8 கோடி டிஎன்ஏ எழுத்துகள். ஆனாலும் 28,000 மரபணுக்களுக்குக் குறைவில்லை.

மைக்ரோசாட்டிலைட் (சில எழுத்துகளே அடுத்தடுத்துத் திரும்பும் வரிசை), சென்ட்ரோமியர் வரிசை (குரோமோசோமின் இடுக்குப் பகுதியில் திரும்பும் வரிசை), தாவும் மரபணு மூன்றையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். உருவாகும் விதமே வேறு வேறு.

சரி, கணினி வேலைக்கு வருவோம்: கருவி துண்டு துண்டாகப் படித்த டிஎன்ஏவைக் கோத்து முழு ஜீனோமாக்கும் வேலை. ஒரு பாட்டைத் துண்டு துண்டாக நறுக்கிப்போட்டால், பல்லவித் துண்டு எந்தச் சரணத்துக்கு அடுத்தது என்று எப்படிச் சொல்வது? 150 எழுத்துத் துண்டுகளை வைத்து 10,000 எழுத்து நீளமுள்ள ரெட்ரோடிரான்ஸ்போசானின் (தன்னை நகலெடுத்துப் பரவும் தாவும் மரபணுவின்) ஆயிரக்கணக்கான நகல்களைக் கோக்கப் பார்த்தாலும் அதே கதிதான்: மென்பொருள் பல நகல்களை ஒன்றாக மடித்துவிடும். நீண்ட துண்டுகளாகப் படிக்கும் கருவி வேண்டும். கையில் குறுந்துண்டுகள் மட்டும் இருந்தால், வழக்கத்தைவிடப் பல மடங்கு துண்டுகள் வந்து குவியும் இடங்களைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம், மறைத்தல்: மரபணு தேடும் முன், திரும்ப வரும் வரிசைகளை மென்பொருள் பார்க்காதபடி மூடிவைப்பது. மறைக்காமல் மரபணு தேடினால், தாவும் துண்டுகளின் புரத வரிசைகளும் தாவரத்தின் மரபணுக்களாக எண்ணப்பட்டு எண்ணிக்கை வீங்கும். கண்ணை மூடிக்கொண்டு மறைத்தாலோ, அடுத்தடுத்துக் குடும்பமாக உட்கார்ந்திருக்கும் நோய் எதிர்ப்பு மரபணுக்களும் சேர்ந்து மறைந்துபோகும். மறைக்கும் பட்டியலைத் தெரிந்த மரபணுக்களோடு ஒருமுறை ஒப்பிட்டு, பொருந்துகிறவற்றை நீக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.