தேசிய ஆய்வகத்தில் போஸ்ட்டாக்: விளம்பரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

அமெரிக்க எரிசக்தித் துறையின் கீழ் 17 தேசிய ஆய்வகங்கள் உள்ளன. அவற்றில் ஒன்றில், கணினி அறிவியல் பிரிவில், எனக்கு இது மூன்றாவது வருடம். பிஎச்டி முடித்ததும் சில வருடம் செய்யும் ஆய்வு வேலைதான் போஸ்ட்டாக். அதைத் தேடும், பிஎச்டி முடிக்கப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?" என்பதுதான். ஆய்வகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில்தான். ஆனால் அங்கே விளம்பரம் வரும்போது ஆள் எடுக்கும் குழுவில் ஒருவருக்காவது உங்கள் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

எனவே பட்டம் வாங்க எட்டு மாதம் இருக்கும்போதே மெயில் எழுதத் தொடங்குங்கள். நான் முதலில் நாற்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. அப்புறம் ஒரே ஒருவருக்கு ஐந்து வரி எழுதினேன்: "உங்கள் மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன், தரவு பெரிதானால் நினைவகம் தீர்ந்துவிடுகிறது, இப்படி மாற்றினால் ஓடுகிறது, நிரல் கிட்ஹப்பில் இருக்கிறது, மே மாதம் பிஎச்டி முடிகிறது." மறுநாளே பதில் வந்தது.

பெர்க்லி ஆய்வகத்தின் லூயிஸ் ஆல்வரெஸ், ஆர்கோன் ஆய்வகத்தின் மரியா கெப்பர்ட் மேயர் போன்ற ஃபெல்லோஷிப்புகளுக்கு உங்களுடைய சொந்த ஆய்வுத் திட்டம் வேண்டும். பட்டம் வாங்கி எத்தனை வருடத்துக்குள் என்ற வரம்பும் உண்டு. கெடு தேதியை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

நேர்காணலில் பெரும்பாலும் ஒரு மணி நேரக் கருத்தரங்கு உரை இருக்கும், பிறகு ஒவ்வொருவராகச் சந்திப்பார்கள். என் உரையில் ஒரு வரைபடம் காட்டினேன். 256 ஜிபியு (பெரிய கணக்குகளை வேகமாகச் செய்யும் சிப்) வரை வேகம் நேர்கோடாக ஏறி, அதற்குப் பிறகு வளைந்துவிடும். கேள்விகளில் பாதி அந்த வளைவைப் பற்றித்தான். தகவல் பரிமாற்றம் எங்கே நெரிகிறது என்று முன்னாலேயே அளந்து வைத்திருந்ததால் சொல்ல முடிந்தது. வளைவை மறைக்காதீர்கள், காரணத்தோடு காட்டுங்கள்.

இன்னொரு கேள்வியும் வரும்: உங்கள் நிரல் எந்த நிறுவனத்தின் ஜிபியுவில் ஓடும்? பெர்க்லியின் பெர்ல்மட்டர் என்ற சூப்பர்கணினியில் இருப்பது என்விடியா. 2022-இல் எக்ஸாஸ்கேலை, அதாவது நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்கு என்ற வேகத்தை, தொட்ட ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ஃபிராண்டியரில் ஏஎம்டி. ஆர்கோனின் அரோராவில் இன்டெல். என்விடியாவுக்கு நிரல் எழுதும் முறையான குடா மட்டும் தெரிந்தால் முதலாவதோடு நின்றுவிடுவீர்கள். பல நிறுவன ஜிபியுக்களிலும் ஓடும்படி எழுத உதவும் கோக்கோஸ் அல்லது சிக்கிள் கற்றுக்கொண்டு, உங்கள் நிரலில் ஒரு சிறு பகுதியையாவது மாற்றி எழுதிப் பாருங்கள். மூன்று வாரம் ஒதுக்கினால் போதும். என்னைக் கேட்டால், இன்னொரு கட்டுரை வெளியிடுவதைவிட இதுதான் அதிகம் உதவும்.

சரி, வேலை கிடைத்துவிட்டது. நம் போன்ற வெளிநாட்டவருக்கு விசா தனி, ஆய்வகத்துக்குள் நுழையும் அனுமதி தனி. இரண்டாவதற்கும் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். ஜே-1 விசா என்றால், முடிந்தபின் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்குப் பொருந்துமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். அனுமதி எழுத்தில் வரும்வரை விமான டிக்கெட் எடுக்காதீர்கள், இருக்கும் வாடகை வீட்டையும் காலி செய்யாதீர்கள்.