இபிஎஃப் பிடிக்கிறார்கள் என்று நிம்மதியாக இருக்காதீர்கள், கூட்டுச் சீட்டிலும் போய் விழாதீர்கள்

கோலாலம்பூருக்கு வேலைக்கு வரும் நம் ஆட்கள் சம்பளச் சீட்டில் இபிஎஃப் என்ற வரியைப் பார்த்ததும் பாதிக் கவலையை விட்டுவிடுகிறார்கள். ஊரில் பிஎஃப் பிடித்தார்கள், இங்கேயும் பிடிக்கிறார்கள், வயசானால் மாதாமாதம் ஏதோ வரும் என்று ஒரு நினைப்பு. வராது. இபிஎஃப் என்கிற இங்குள்ள ஊழியர் சேமநிதியில் பென்ஷன் என்று ஒன்று கிடையாது. போட்ட பணமும் அதற்கு வரும் டிவிடெண்டும்தான்.

நமக்குப் போடுவது எவ்வளவு? 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இபிஎஃப் கட்டாயம். நம் பங்கு 2 சதவீதம், முதலாளி பங்கு 2 சதவீதம். உள்ளூர்க்காரருக்கு அவர் பங்கு 11, முதலாளி பங்கு 12 அல்லது 13. மாதம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறவருக்கு 120 வெள்ளி சேரும். பத்து வருடத்தில் 14,400, மேலே டிவிடெண்ட். 2024-க்கு அது 6.30 சதவீதம், நல்ல வட்டிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குடிமகன் 55 வயதில் குறைந்தது 240,000 வெள்ளி வைத்திருக்க வேண்டும் என்று இதே இபிஎஃப் பல வருடம் சொல்லி வந்தது. மாதம் 1,000 வெள்ளி வீதம் 20 வருடத்துக்கு அவ்வளவு வேண்டும். நம் 14,400 அந்தக் கணக்கில் ஒன்றேகால் வருடம்கூடத் தாங்காது. வீட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு இந்த இரண்டு சதவீதமும் கட்டாயமில்லை.

சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்கும் பிடிப்பார்கள். வேலையில் அடிபட்டால் உதவும். 2024 ஜூலையிலிருந்து, உழைக்க முடியாத அளவுக்கு உடம்பு முடங்கினாலும் உதவும். முதுமைக்கு அல்ல. அரசாங்கம் கொடுக்கும் முதியோர் உதவித்தொகை குடிமக்களுக்குத்தான். நமக்கு அரசு மருத்துவமனையில்கூடக் கட்டணம் வேறு. இந்தியாவுக்கும் மலேசியாவுக்கும் இடையே பென்ஷனுக்கு வேலை வருடங்களைச் சேர்த்துக் கணக்கிடும் ஒப்பந்தமும் இல்லை, அதனால் அங்கே வேலை பார்த்த வருடங்களையும் இங்கே பார்க்கும் வருடங்களையும் கூட்டிக் கணக்குக் காட்ட முடியாது. ஊரில் பிஎஃப் பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். அது முடியாமல் கிளம்பி வந்தவர்கள், பென்ஷன் பங்கை அவசரப்பட்டு உருவிவிடாமல் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வையுங்கள். திரும்பிப் போய் வேலைக்குச் சேர்ந்தால் பழைய வருடங்களும் கணக்கில் வரும்.

ஆக, சேமிப்பு நம் கையில். இது தெரிந்தவர்கள்தான் அடுத்த குழியில் விழுகிறார்கள்.

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் செய்யும் என் நண்பருக்குச் சிவகங்கைப் பக்கம் ஊர். இரண்டு சதவீதத்தை நம்பினால் ஆகாது என்று எனக்கு முன்பே அவருக்குத் தெரியும். மனிதர் என்ன செய்தார்? ஊர்ப் பழக்கப்படி சீட்டில் சேர்ந்தார். இங்கே அதைக் கூட்டு என்பார்கள். இருபது பேர், மாதம் 500 வெள்ளி. பிடித்தது ஒரு அக்கா, கடைக்கு வந்து போகிறவர், எல்லோரையும் தம்பி தம்பி என்று கூப்பிடுகிறவர். பத்திரம் கிடையாது. ஒரு நோட்டும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான்.

ஊரில் சீட்டுக்கு 1982-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது, பதிவாளர் இருக்கிறார், நடத்துகிறவர் பிணையம் கட்ட வேண்டும். பதிவில்லாத வீட்டுச் சீட்டாகவே இருந்தாலும் பிடிக்கிறவரின் வீடு தெரியும், சம்பந்தி ஊர் தெரியும், போய்த் திண்ணையில் உட்காரலாம். மலேசியாவில் 1971-லிருந்தே கூட்டு நிதித் தடைச் சட்டம் உண்டு. கூட்டு நடத்துவதே குற்றம். இதை நம் நண்பருக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்து மேசையில் டீ குடிக்கிறவரும் போடுகிறார், கல்லாவில் இருக்கிறவரும் போடுகிறார், அப்புறம் சந்தேகம் எப்படி வரும்?

அவசரத் தேவை உள்ளவர் முதல் மாதங்களிலேயே ஏலத்தில் ஒரு தொகையை விட்டுக்கொடுத்து, தள்ளி எடுத்துவிடுவார். வயதான காலத்துக்கென்று சேர்க்கிறவர் கடைசிச் சீட்டுக்குக் காத்திருப்பார், அதில்தான் முழுத்தொகை வரும் என்று. அதனால் சீட்டு உடையும்போது நொறுங்குவது எப்போதும் இந்தப் பொறுமைசாலிதான். பதினாறாவது மாதம் அக்காவின் போன் அணைந்தது. முதலில் எடுத்தவர்கள் வாயைத் திறக்கவில்லை, அவர்களுக்கு என்ன நஷ்டம்? மீதிப் பேர், போலீசுக்குப் போனால் பெர்மிட்டுக்கு ஆபத்து வருமோ என்று பயந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கசர், அதாவது அப்படித் தள்ளிய பணத்தில் கிடைத்த பங்கு, அதைக் கழித்தும் நண்பருக்குப் போனது ஏறக்குறைய 7,000 வெள்ளி. தீபாவளிக்கு ஊருக்கு வரவில்லை, கடையில் லீவு இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார். இப்போதும் அந்த அக்காவை அவர் அக்கா என்றே சொல்கிறார், எனக்குத்தான் எரிகிறது.

சரி, எங்கே போடுவது? சட்டம் சொல்லும் விகிதத்துக்கு மேலேயும் இபிஎஃப் கட்ட வழி உண்டு, சம்பளம் போடுகிற ஆபீஸில் கேளுங்கள். ஆளை நிறுத்தி வைத்துப் பேசினால்தான் பதில் வரும். ஊரில் என்ஆர்இ கணக்கில் (வெளிநாட்டில் இருக்கும் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) வைப்பு போட்டால் அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டே என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதியை வெளிநாட்டில் இருந்துகொண்டு புதிதாகத் தொடங்க முடியாது. எதில் போட்டாலும் மாதம் சம்பளம் வந்த அன்றே போடுங்கள். மாதக் கடைசியில் மிச்சத்தைப் போடலாம் என்று நினைத்தவர் யாரும் போட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இபிஎஃப் பணத்தை, வேலை முடிந்து நாட்டை விட்டுக் கிளம்பும்போது எடுக்கலாம். அதுவரை, மாதப் பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் ஏறியதா என்று இபிஎஃப்பின் ஐ-அக்காவுன் செயலியில் பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்திருக்கிறது என்பதால் கட்டியாயிற்று என்று ஆகாது. நம் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும், அதனால் பழையதைத் தூக்கிப் போடாமல் இரண்டையும் எடுத்துக்கொண்டு இபிஎஃப் கவுண்டருக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். அப்பா பெயர் ஓரிடத்தில் இனிஷியலாகவும் இன்னோரிடத்தில் முழுப் பெயராகவும் இருந்தால் அதையும் அப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள்.