படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்

கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துப் பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களில் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்பவர்கள் தயவுசெய்து பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். "சென்னிமலை, தறிக்கூடம், 1958" என்பதுபோல பென்சிலில் மங்கலாக ஒரு வரி அங்கேதான் இருக்கும். அது போய்விட்டால் எந்த ஊர், யார் என்று சொல்ல ஆளே கிடைக்காது.

இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண் கொடுத்து, கடைசியில் மட்டும் முன், பின் என்று பிரியுங்கள். ஸ்கேன் செய்யும்போது புகைப்படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), அச்சுத்தாளுக்கு 300 போதும். மூலக் கோப்பு தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) வடிவத்திலேயே இருக்கட்டும், வாசகருக்குச் சிறிய ஜேபெக் (JPEG) கோப்பு கொடுக்கலாம். ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் படத்தின் தரம் குறைந்துகொண்டே போகும்.

அப்புறம், பென்சில் வரியை அன்றைக்கே எக்செல்லில் தட்டச்சு செய்துவிடுங்கள். ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டால்தான் தேடுபவருக்கு அகப்படும். எல்லாக் கோப்புகளுக்கும் மூன்று பிரதிகள் வையுங்கள்; அவற்றில் ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும்.